சாம்பிள் ஓகே ஆகும்வரை

இன்று காலை சாயப் பட்டறை லேபில் அசிட்டிக் ஆசிட் கேனைத் திறந்தேன். மூக்கில் ஏறிய நெடியோடு நீங்களும் வந்துவிட்டீர்கள், அண்ணா. கையுறை இல்லாமல் மெஷினுக்குள் கைவிட்டு ஈரத்துணியை இழுப்பீர்களே, தெற்கேயிருந்து பிழைக்க வந்து இதே பட்டறையில் என்னோடு வேலை செய்த உங்கள் சட்டையில் எப்போதும் இந்த நெடிதான்.

சிறுநீரில் ரத்தம் வந்தபோதும் உங்களுக்குச் சிரிப்பு. "செவப்பு லாட் ஓட்டுனா செவப்பாத்தாம்ல போவும்." நானும் சிரித்தேன். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி என்று கோவையில் சொன்ன பிறகுதான் இருவரும் வாயை மூடினோம்.

அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். படிவத்தை என்னிடம் நீட்டி, "இவனுவ என்னலே செய்யப் போறானுவ?" என்றீர்கள்.

"கட்டிய அவிங்க லேப்ல வளத்தி, அதுமேல மருந்த ஒவ்வொண்ணா ஊத்திப் பாப்பாங்களாமுங்க. நம்ம லேப் டிப் மாதிரித்தானுங்ண்ணா."

எளிதாகப் புரியவைத்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

நம் தொழிலில் லேப் டிப் என்று ஒரு துண்டுத் துணியில் சாயம் போட்டுப் பார்த்து, அது ஓகே ஆன பிறகுதான் மொத்தத் துணியையும், அந்த முழு லாட்டையும், மெஷினில் ஏற்றுவோம். முந்தி ஏற்றினால் வேலை போய்விடும். பாதி ஆயுளை அந்த விதியில் கழித்தவர் நீங்கள். அறுவை சிகிச்சை முடிந்து கீமோவுக்குக் கொடுத்த முதல் தேதியில் நீங்கள் போகவில்லை. இரண்டாவது தேதியிலும் போகவில்லை. "சாம்பிள் ஓகே ஆவட்டும்ல. அதுக்குள்ள எதையாச்சும் ஏத்தி லாட்டக் கெடுக்கவா?" என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் உங்களைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அதற்குள் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

"ஏங்க இத்தன நாளா வரல?" என்றார் மருத்துவர்.

"டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்னு இருந்தேன் டாக்டர்" என்றீர்கள்.

"அது ஆராய்ச்சிக்குங்க. உங்களுக்கான வைத்தியம் கீமோதானே?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். திட்டியிருக்கலாம்.

நீங்கள் போய்விட்ட பிறகும் உங்கள் கட்டி அங்கே லேபில் கிண்ணத்தில் இன்னும் வளர்கிறதாம். அதில் ஒரு துணுக்கு ஏதோ ஒரு புது மருந்துக்குச் சுருங்கியதாம். அது மருந்துக்கடைக்கு வர எத்தனை வருடமோ, வந்தாலும் நம்மைப் போன்றவர்கள் வாங்க முடியுமோ, யாருக்கும் தெரியவில்லை. கட்டியைச் சோதிக்க அத்தனை பேர் இருந்தார்கள். அது எதனால் வந்தது என்று நம் பட்டறையைச் சோதிக்க ஒருவரும் வரவில்லை.

அவர்களை இப்படித் திட்டிக்கொண்டே இருந்துவிடலாம். முடியவில்லை. 'இந்த ஆய்வினால் தங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இராது' என்று படிவத்தின் கடைசியில் தமிழிலேயே அச்சிட்டிருந்தது. அன்றே படித்தேன், அண்ணா. உங்கள் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்ததால் அந்த வரியை மட்டும் சொல்லாமல் விட்டேன். இப்போது அது எனக்கு மனப்பாடம்.