உறைப்புப் போடாத ஒரு கரண்டி

இஞ்சாருங்கோ, விரல் எரிகிறது. பச்சை மிளகாய் அரைத்த கை. தேங்காயெண்ணெய் தடவியும் அடங்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருசம் ஆன பிறகு உங்களுக்கு ஒரு மடல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனதோடு எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை ஊரில் விட்டுப் போய், வெளிநாட்டில் யேமன்காரரின் சாப்பாட்டுக்கடையில் ஒன்பது வருசம் வேலை செய்துவிட்டு எங்கள் ஊர் சரவணைக்குத் திரும்பிய கிழமையே என் குசினிக்குள் புகுந்தீர்கள். பச்சை மிளகாய், உள்ளி, கொத்தமல்லி இலை, தக்காளி, சின்னச்சீரகம், உப்பு. "இதுக்குப் பேர் சகாவிக். அங்க இது இல்லாமல் ஒருத்தரும் சாப்பாட்டில கை வைக்கமாட்டினம்" என்றீர்கள். கிரைண்டர் இருக்கத்தக்கதாக அம்மியில்தான் அரைக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

முதலில் தக்காளியும் இலையும் உள்ளியும் அரைபட வேண்டும். அதில் ஒரு கரண்டியை வழித்துச் சின்னக் கோப்பையில் வைத்த பிறகுதான் மிளகாய் சேர்ப்பீர்கள். ஆருக்கு அது என்று கேட்டேன். "அது அங்கத்த வழக்கம். நீர் எடுத்து வையும்" என்றீர்கள். ஆறு வருசம் எடுத்து வைத்தேன். கடைசியில் நீங்களே அதை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டு முடிப்பீர்கள். வயிற்றுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்தேன், மடைச்சி.

ருசியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க. பாரை மீனை முதுகால் பிளந்து, உள்ளுக்கும் வெளிக்கும் சகாவிக் பூசி, தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணலில் வாட்டித் தருவீர்கள். மணத்துக்குப் பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்ப்பார்கள்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனிடம் எத்தனை தரம் போனோம், பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டினோம். திரும்பி வரும்போது குறை என்னில்தானோ என்று வள்ளத்துக்குள் அழுவேன். "குறை ஆரில எண்டு ஏன் யோசிக்கிறீர், விடும்" என்பீர்கள். இப்படியொரு மனுசன் ஆருக்குக் கிடைக்கும் என்று எனக்குப் பெருமை வேறு.

போன மாதம் உங்களோடு அந்தக் கடையில் வேலை செய்த தம்பி ஊர்காவற்றுறையிலிருந்து வந்தான். செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனதாம், துக்கம் விசாரிக்க வந்தான். வயிறாரச் சாப்பிடட்டும் என்று சகாவிக் அரைத்தேன். நான் அந்தக் கரண்டியை வழித்து வைப்பதைக் குசினி வாசலில் நின்று பார்த்தான்.

"கடையில நாங்கள் மெசினிலதான் அடிக்கிறது அக்கா. இது அவவின்ர கைப்பக்குவம். பிள்ளைக்கு உறைப்பு ஏலாதெண்டு அவவும் இப்பிடித்தான் எடுத்து வைப்பா."

"எந்தப் பிள்ளைக்கு?"

அவன் முகம் வெளிறிவிட்டது. "அண்ணை சொல்லேல்லையோ?"

முழுதையும் சொல்லவைத்தேன். முதலாளியின் தங்கை, புருசனை இழந்தவள். மதத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டு அவளைக் கட்டினீர்களாம். ஒரு மகள். கடை பூட்டியதும் தாயும் மகளும் யேமனுக்கே போய்விட்டார்களாம். அதன் பிறகுதான் உங்களுக்குச் சரவணை ஞாபகம் வந்திருக்கிறது.

தொட்டில் கட்டிய நாட்களில் உங்களுக்கு மகள் இருந்தாள். நான் அழ அழ, எல்லாம் தெரிந்துகொண்டு பக்கத்தில் இருந்தீர்கள். இன்னொருத்தியோடு வாழ்ந்ததைக்கூட ஒருவேளை மன்னிப்பேன். என் குசினியில், என் அம்மியில், என் கையாலேயே அந்தப் பிள்ளையின் பங்கை எடுத்து வைக்கச் செய்தீர்களே, அதை மன்னிக்க என்னால் ஏலாது.

ஒரு மாதம் அம்மிப் பக்கம் போகவில்லை. இன்று நாக்கு கேட்டது, போனேன். தக்காளியும் இலையும் உள்ளியும் அரைபட்டதும் கை தன்பாட்டில் ஒரு கரண்டியை வழித்துக் கோப்பையில் வைத்துவிட்டது. கோபத்தில் அதற்குள்ளும் மிளகாயைப் போட்டுக் கலக்கப் பார்த்தேன். மனம் வரவில்லை. அந்தச் சின்னப்பிள்ளை எனக்கு என்ன செய்தாள்?

கோப்பை இன்னும் மேசையில் இருக்கிறது. தம்பியிடம் கேட்க அன்றைக்கு ரோசம் விடவில்லை. நீங்களாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆறு வருசம் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், அவளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.