ஒழுத் தண்ணீரும் ஆறு கற்சாடிகளும்

தம்பிலுவில்
03.08.2025

என் அருமை ஹுஸ்னியா,

ரியூசன் வாங்கில் இப்போது உனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாள்? யாராக இருந்தாலும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் கிடைத்து, நாங்கள் கல்முனையை விட்டு வந்து எட்டு மாதம். சாதாரண தரச் சோதனை முடியும்வரை என் போன் அலுமாரிக்குள். உங்கள் வீட்டிலும் அதே சட்டம் என்று அறிந்தபோது பாவமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மெதடிஸ்த சபையில் பேச்சுப் போட்டி. 'இயேசுவின் அற்புதங்கள் எதற்கு அடையாளம்?' என்பது தலைப்பு. முதலாம் இடம் பெறுகிறவர் செப்டெம்பர் 21ஆம் திகதி கல்முனைக்கு, அறுவடை விழாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். கல்முனையிலிருந்து உங்கள் நிந்தவூர் எவ்வளவு தூரம்? நான் முதலாவதாக வந்தால் நாங்கள் சந்திக்கலாம். வேறு எதற்கும் அம்மா லீவு எடுக்கமாட்டா.

எனக்குக் கிடைத்தது கானா ஊர்க் கல்யாணம். திராட்சரசம் தீர்ந்துபோக, இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றிய கதை. யோவான் சுவிசேஷத்தைப் பார்த்து அந்தப் பகுதியை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பத்துத் தரம் வாசித்தும் 'ஆண்டவர் வல்லவர்' என்பதற்கு மேல் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. எதை வாசித்தாலும் கேள்வி கேட்கிறவள் நீதான். இதையும் கொஞ்சம் கேட்டுப் பாரேன்.

உன்,
தினேஷா


நிந்தவூர்
08.08.2025

அன்பின் தினேஷா,

அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். உன் இடத்தில் என் புத்தகப் பை இருக்கிறது. அதோடு நீ சண்டைக்கு வரமாட்டாய்தானே.

நீ அனுப்பியதை மூன்று நாள் வைத்து வாசித்தேன். குடிவகை எங்களுக்கு ஹறாம் என்பதால் முதலில் தயங்கினேன். பிறகு, குடித்ததை ஒரு பக்கம் வைத்துவிட்டு அங்கே வேறென்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆறு கற்சாடிகள் இருக்கின்றன. அவை குடிப்பதற்கு வைத்தவை அல்ல, யூதர்கள் தங்களைச் சுத்தம் செய்வதற்கு வைத்தவை. தொழுகைக்கு முன் எங்கள் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியில் கை கால் கழுவி ஒழு எடுப்பதைப் போல. ஆகவே, வெளியே கை கால் கழுவ வைத்த தண்ணீர்தான் உள்ளே போய் மனதை நிறைக்கிற ஒன்றாக மாறியிருக்கிறது. கழுவிக்கொள்வது வாசல்படி, விருந்து வீட்டுக்குள்ளே என்று காட்டத்தானோ இது என எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. போன வருஷம் எங்கள் மூத்தவள் றுஸ்னா ராத்தாவின் கல்யாணம். சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம் என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் நினைத்ததைவிட மூன்று சஹனுக்குக் கூட வந்துவிட்டார்கள். அதை முதலில் கண்டது உம்மா. என் காதுக்குள், "சோறு காணாது கிளி. வாப்பாட முகத்தப் பாக்காம கமீலா மாமிட்ட ஓடு," என்றா. பக்கத்து வீட்டுக் கமீலா மாமி, தன் வீட்டில் தங்கியிருந்த விருந்தாளிகளுக்கு ஆக்கிய சோற்றையும் கறியையும் அப்படியே வேலிக்கு மேலால் தூக்கித் தந்தா. நானும் மாமியும் சுமந்தோம். வாப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. புது மச்சான் இப்போதும், அன்றைக்குக் கடைசியாக வந்த சஹன்களின் ருசியே வேறு என்கிறார். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பா.

கானாவிலும் அப்படித்தான். பந்தி விசாரித்தவருக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. தண்ணீர் சுமந்த வேலைக்காரருக்குத்தான் தெரியும். சந்தோஷம் எல்லோருக்கும் கிடைத்தது. அது எங்கிருந்து வந்தது என்பதோ சுமந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

வேண்டியதை எடுத்துக்கொள். முதலாவதாக வா.

இப்படிக்கு,
ஹுஸ்னியா


தம்பிலுவில்
25.08.2025

ஹுஸ்னியா,

நான் இரண்டாவது.

கற்சாடியைப் பற்றி நீ எழுதியதை உன் சொற்களோடேயே பாடமாக்கினேன். அதுதான் பிழை. பிரசங்க மேடையில் நின்று, "அது யூதர்கள் ஒழு எடுக்கிற தண்ணீர்," என்று கணீரென்று சொன்னேன். முன்வாங்கில் நேசரட்ணம் மாமாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகு ஆலயம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்காமல் இருந்தவர் நடுவர் மட்டும். எங்கள் ஞாயிறு பாடசாலைக்குப் பொறுப்பான அழகரெத்தினம் சேர்தான் நடுவர்.

"இது ஆரு புள்ள சொல்லித் தந்த?" என்று கேட்டார்.

புத்தகத்தில் வாசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "என்ட கூட்டாளி, சேர். நிந்தவூர்ல இருக்கா," என்றேன்.

சொந்தமாக யோசித்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. புள்ளி குறைந்தது. கல்முனைக்குப் போவது முதலாவதாக வந்த மெல்ரொய். வீட்டுக்கு வந்து தலையணை நனையும்வரை அழுதேன். றுஸ்னா ராத்தாவின் கல்யாணத்தை மட்டும் நான் சொல்லவில்லை. அது உம்மாவுடையது.

உன்,
தினேஷா


நிந்தவூர்
29.08.2025

அன்பின் தினேஷா,

நான்தான் உன்னைத் தோற்கடித்தேன். நீ கேள்வி கேட்கச் சொன்னாய். நான் பதிலையும் எழுதி அனுப்பிவிட்டேன். ரியூசனிலும் நான் இப்படித்தான், நீ யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிடுவேன். மன்னித்துக்கொள்.

ஆனாலும் ஒன்றை மறைக்க முடியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கூட்டாளி என்று சொல்லியிருக்கிறாய். கவலைப்பட வேண்டிய நான் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டு திரிகிறேன். "என்ன மகள், சோதனை எழுத முதலே பாஸாகிட்டியா?" என்று வாப்பா கேட்டார்.

இப்படிக்கு,
ஹுஸ்னியா


தம்பிலுவில்
09.09.2025

என் அருமை ஹுஸ்னியா,

இருந்துகொண்டு வாசி. அழகரெத்தினம் சேர் நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவிடம், "இருபது வருஷமா இந்தப் பாடம் படிப்பிக்கன். அந்தச் சாடி என்னத்துக்கு அங்க கிடந்த எண்டு ஒரு நாளும் நான் கேக்கல்ல," என்றார்.

போட்டியில் எனக்கு இடமில்லை, அதை மாற்றமாட்டாராம். ஆனால் போட்டி முடிந்த பிறகு, கல்முனை ஆலயத்தில் ஐந்து நிமிடம் நான் பேச ஒழுங்கு செய்திருக்கிறார். வேறோர் அற்புதத்தை எடுக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் என் தலையிலிருந்து வர வேண்டும். அம்மா லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டா. எழும்பிப் போகும்போது சேர், "அந்தப் புள்ளயும் வந்து கேக்கட்டும்," என்றார்.

ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன், ஹுஸ்னியா. தோற்ற நாளிலிருந்தே, இரண்டு கிழமையாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். எது என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீ மறுதபாலில் மூன்று பக்கம் அனுப்புவாய்.

ஆலயத்துக்குள் வர உன்னை விடுவார்களா? அதுதான் எனக்கு இப்போது பயம். வாப்பாவிடம் கேள்.

உன்,
தினேஷா


நிந்தவூர்
15.09.2025

அன்பின் தினேஷா,

கேட்பதற்கு எனக்கு இரண்டு நாள் எடுத்தது. வாப்பா முற்றத்தில் நெல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் நான்கு காரணங்களைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். நாங்கள் ஈஸா நபி என்கிற இயேசுவின் அற்புதங்கள் எங்கள் குர்ஆனிலும் இருக்கின்றன என்பது முதலாவது. இரண்டாவதுக்குப் போக அவர் விடவில்லை.

"கூட்டாளி கதைக்கிறா, நீ கேக்கப் போறாய். இதுக்கு ஏன் பட்டிமன்றம்? உம்மாவக் கூட்டிட்டுப் போ."

மிச்ச மூன்று காரணங்களும் வீணாகப் போய்விட்டன. அவற்றில் ஒன்று மிகவும் நல்லது. நேரில் சொல்கிறேன்.

நீ ஒளித்து வைத்ததில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நூலகத்துக்குப் போய் யோவான் எழுதியதை முழுவதும் வாசித்தேன். பிறவிக் குருடனா? ஐந்து அப்பமா? கடலில் நடந்ததா? ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒவ்வொரு கருத்து வந்தது. எழுதினேன், கிழித்தேன். இந்தக் கடிதத்தில் ஒரு கருத்தும் இல்லை. வேண்டுமானால் தாளைத் திருப்பிப் பார்.

எது என்று சொல்லாதே. ஞாயிறு காலை ஏழரை பஸ்ஸில் வருகிறோம். நான் ஒரு நாளும் யோசித்திராத ஒன்றை நீ சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு, கடைசி வரைக்கும் இருந்து கேட்பேன்.

உன் கூட்டாளி,
ஹுஸ்னியா