புல் வெட்டிய வீடுகள்

அப்பாவுக்கு,

நம் ஊரில் அறுபத்தொரு பேர் என்று கணக்கெடுத்து எங்கள் புள்ளிவிவர ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான் வீடுவீடாக ஏறி எண்ணினேன். முப்பத்தெட்டுதான். கோழிகளையும் சேர்த்துக்கொண்டீர்களா? நீங்கள் எழுதியிருக்கும் சிப்பேலி மாமா இந்த நியுவே தீவை விட்டு நியூசிலாந்துக்கு, ஆக்லாந்து போய்ப் பதினான்கு வருஷமாகிறது.

"புல்லு வெட்டியிருக்குல்ல, அப்ப ஆளு இருக்குன்னுதான்டா அர்த்தம்" என்றீர்கள். அந்தக் காலி வீடுகளில் புல்லை வெட்டுகிறவரே நீங்கள்தானே! புள்ளிவிவரம் படித்தவனிடமே இந்தக் கூத்தா?

நாற்பதுக்குக் குறைந்தால் நர்ஸ் வரமாட்டார், அம்மாவின் சர்க்கரையைப் பார்க்க ஆளிருக்காது. எனக்கும் தெரியும். அதற்காகப் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் மாமா வீட்டுக்குக் குடிவருகிறோம். சாவியைத் தேடி வையுங்கள். பிறகு நாற்பது என்று எழுதுங்கள். ஒரு ஆள்கூட அதிகமில்லாமல்.

உங்கள் மகன்