அரைபட்ட சருகு

ஓகஸ்ட் 4, திங்கள்

விடியமுன்னரே கச்சான் காற்று. முற்றம் முழுவதும் பலாவிலை, வேப்பஞ்சருகு, ஊருக்குள் திரியும் மான்களின் புழுக்கை. படலையை மறுபடி யாரோ சாத்தவில்லை. யாரோ என்றால் நான்தான்.

ஆறு மணிக்குத் தம்பியின் மகன் ரகு காருடன் வந்தான், பூமணியைக் கொழும்புக்குக் கொண்டுபோக. இதய வால்வு. சத்திரசிகிச்சை புதனன்று. எழுபத்தொரு வயதில் தங்கைக்கு இதுவே முதல் ஆஸ்பத்திரி.

ரகுவின் அன்பளிப்பு: சருகு உறிஞ்சும் மெஷின். நீளக் குழாய், பின்னால் ஒரு பை. "மாமி, இனி ரெண்டு பேரும் குனியத் தேவையில்லை." நாற்பது வருடமாக இந்த முற்றத்தைக் கூட்டிய பூமணி, அதைச் சக்களத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

காரில் ஏறிய பிறகு: "அக்கா, நான் போய்ச் சேருமட்டும் முத்தத்தைக் கூட்டிப்போடாதேங்கோ."

"நீ கொழும்புக்குப் போறாய், சந்திர மண்டலத்துக்கில்லை."

ஆள் வெளிக்கிட்ட கையோடு கூட்டுவது பிரேதம் போன வீட்டில் மட்டும் என்பது அவளுடைய சாத்திரம். ஊருடையதும். நான் தாவரவியல் படித்தவள்.

கார் போனதும் மெஷினைப் போட்டேன். வீடு அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

மதிலுக்கு மேல் அயல்வீட்டு றீற்றாவின் தலை. "ரீச்சர்! கார் இன்னும் சந்தி தாண்டேல்லை. அதுக்குள்ள கூட்டுறியளே?"

"கூட்டேல்லை, றீற்றா. உறிஞ்சுறன்."

"யேசுவே, உங்கட வாய்!"

ஓகஸ்ட் 5, செவ்வாய்

வெக்கை. இடது முழங்கால் வீக்கம். வாங்க: பால்மா, நெருப்புப்பெட்டி, பூமணியின் திருநீறு.

பத்து மணிக்கு வார்ட்டிலிருந்து போனில் பூமணி. பக்கத்துக் கட்டில்காரி குறட்டையாம். தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாதாம். பிறகு, "முத்தம் கூட்டினீங்களோ?"

"இல்லை. முழங்காலளவுக்குச் சருகு."

"நல்லது. விடுங்கோ அப்பிடியே. நான் வந்து கூட்டுறன்."

குரலில் அவ்வளவு சந்தோஷம். ஒரு பொய்க்கு இவ்வளவு விளைச்சலா?

பின்னேரம் செய்ததை யாருக்கும் சொல்வதாக இல்லை. பையை எடுத்துவந்து, சருகைத் திரும்ப முற்றத்தில் பரப்பப் பார்த்தேன். அந்த மெஷின் உறிஞ்சும்போதே அரைத்துவிடுகிறது. இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மாசிக்கருவாட்டுத் தூள் போல ஒன்று. கொட்டிய கையோடு காற்று அள்ளிச் சென்றது. பாதி என் தலையில்.

இதய வால்வுக்கும் முற்றத்துக்கும் தொடர்பில்லை. எழுதி வைக்கிறேன்.

ஓகஸ்ட் 6, புதன்

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான்கு மணித்தியாலம் என்றார்கள்.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டு.

இதய வால்வுக்கும் முற்றத்துக்கும் தொடர்பில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

நேற்று நாலரைக்குப் போனில் ரகு. "மாமி" என்றான். திரும்பவும் "மாமி" என்றான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

மருத்துவர் சொன்னதாக அவன் சொன்னது: வயது, நீரிழிவு, பிந்திப்போன சிகிச்சை. மூன்றும் நியாயமான காரணங்கள். நான்காவதை நானும் றீற்றாவும் மட்டும் அறிவோம். அதை நம்பவும் இல்லை. அது போகவும் இல்லை.

 றீற்றா அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். அவளோ குசினியில் கோப்பி ஊற்றினாள், என் தலையை வாரிவிட்டாள். நான் விட்டேன்.

பதினொன்றுக்குப் பந்தல்காரர். மூன்று நாள் காற்றில் விழுந்த சருகு அப்படியே கிடக்கிறது. "அம்மா, கதிரை போடவேணும், ஒருக்காக் கூட்டித் தாங்கோவன்" என்றார் ஒருவர். றீற்றா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

"வை அதை."

"ரீச்சர், சனம் வரப்போகுது..."

"அவள் இன்னும் பயணத்தில. வந்து சேருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

அவளைக் கொண்டுவரும் வாகனம் கந்தளாய் தாண்டிவிட்டதாம். கதிரைகள் சருகின் மேலேயே.