ஓட்டுநருடன் பேசாதீர்கள்

ஜூன் 3

வாண்டுவின் அம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று நேரில் வந்து கேட்க எனக்கு வழியில்லை. "ரத்த உறவும் இல்லை, தத்தெடுக்கவும் இல்லை, விவாகரத்தோடு குழந்தை உறவும் முடிந்தது" என்று நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். தத்தி நடந்த வயதிலிருந்து பத்து வயது வரை வாண்டுவைத் தூக்கி வளர்த்தவன் நான். லீவு முடியட்டும், மழை முடியட்டும் என்று தத்தெடுப்பைத் தள்ளிப்போட்டது நாம் இருவரும்தான். நான் அவள் அப்பா என்பதற்கு நம் வீட்டுக்குள் யார் அத்தாட்சி கேட்டார்கள்?

அவளைப் பார்க்க மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். சட்டம் தராததை நீ தரலாம்.

இப்படிக்கு,
உறவென்று எழுத ஒன்றுமில்லாத டிரைவர்

ஜூன் 11

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இப்போது வேண்டாம். வழக்கு நடந்தபோது உங்களைப் பார்த்துவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அப்பாவ நீதானே அனுப்பிட்ட?" என்கிறாள். பெற்றவளுக்கு வில்லி வேஷம். புது வீடு, புதுப் பள்ளி, பல் கிளினிக் வேலை, எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்கிறேன். அவள் கொஞ்சம் நிலைகொள்ளட்டும்.

உங்கள் கடைவாய்ப் பல்லை இனியாவது டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் கிளினிக்கில் வேண்டாம்.

வாண்டுவின் அம்மா

ஜூலை 2

வாண்டுவின் அம்மாவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. இன்னொரு செய்தி. உங்கள் தெரு வழியாகப் போகும் பஸ் இப்போது என்னுடையது. தற்செயல் என்றால் நம்பமாட்டாய், டிப்போவில் அந்த ரூட்டைக் கேட்டுத்தான் வாங்கினேன்.

வாண்டு ஏறினாள். நான் வாயைத் திறக்கவில்லை. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது. அவளும் அதைப் படித்துவிட்டு, நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. பள்ளி ஸ்டாப்பில் இறங்கும்போது பெல்லை இரண்டு தடவை அழுத்தினாள். சமையலறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாடுவோமே, அதில் இரண்டு பெல் என்றால் 'அப்பா, போலாம்'.

தினமும் இவ்வளவுதான் நடக்கிறது. எந்த உத்தரவையும் நாங்கள் மீறவில்லை. சாயங்காலம் அறையைத் திறந்தால் பேச ஆளில்லை. அந்த பெல்லை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

டிரைவர்

ஜூலை 20

நேற்று பள்ளியிலிருந்து போன், வாண்டு வரவில்லை என்று. நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டிருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கடைசியில் பார்த்தால், உங்கள் டிப்போ பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரியாமலா? அரை மணி நேரம் என் உயிர் என்னிடம் இல்லை. அந்த ரூட்டை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் மறுபடி கோர்ட்டுக்குத்தான் போவேன்.

ஜூலை 22

வாண்டுவின் அம்மாவுக்கு,

நீ திட்டியது நியாயம். அவள் பஸ்ஸிலேயே இருந்தது எனக்குத் தெரியும். அன்று பள்ளி ஸ்டாப்பில் கதவைத் திறந்தேன், அவள் இறங்கவில்லை. எனக்கும் கதவை மூடிவிட்டுப் போக ஆசையாக இருந்தது, போய்விட்டேன்.

இன்றும் இறங்கவில்லை. பஸ்ஸில் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல், "உங்க ஸ்டாப் வந்துடுச்சு. இறங்குங்க" என்றேன். பிறத்தியாரிடம் சொல்வதுபோல. என் குழந்தையை இதுவரை 'நீங்க' என்று நான் சொன்னதே இல்லை. உடனே இறங்கிவிட்டாள். பெல் அடிக்கவில்லை.

நாளையிலிருந்து தொழிற்சாலை ரூட்டுக்கு மாறுகிறேன். அங்கே எல்லாரும் தூங்கிக்கொண்டே வருவார்கள். இனி எழுதி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். அவளுக்குச் சளி பிடித்தால் ஜன்னலோரம் படுக்கவிடாதே.

டிரைவர்

ஆகஸ்ட் 14

வாண்டுவின் அப்பாவுக்கு,

அவள் இப்போது பஸ் ஏறுவதில்லை, நடந்தே போகிறாள். நேற்று வேலை முடிந்து வந்தால், சமையலறையில் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. முதல் நாற்காலி காலி, இரண்டாவதில் இவள். என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் போய் உட்கார்ந்தேன். "அது டிரைவர் சீட்டும்மா, எந்திரி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நமக்குள் ஒத்துவராமல் போனதற்கு இவள் என்ன செய்வாள்?

வக்கீலைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஞாயிறு மாலை வாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் வாருங்கள்.

யூனிஃபார்மில் மட்டும் வர வேண்டாமாம். "அதப் போட்டிருந்தா பேசக் கூடாதும்மா. எனக்கு நெறய பேசணும்" என்கிறாள்.

வாண்டுவின் அம்மா