ஐந்தாம் தந்தியின் சுருதி

2024 மார்ச் 3, ஞாயிறு. குனோங் ராபாட்

விக்னேஸ்வரன் மனைவிக்குப் பிரசவம். எங்கள் கல்யாண பேண்டுக்கு ஒரு மாதம் கீபோர்டு ஆள் இல்லை. பெரிய இழப்புதான், போ! பட்டன் அமுக்குகிறவனுக்கு ஈப்போவில் பஞ்சமா? பாடுகிற புனிதாவுக்குத் தொண்டை ஏறவில்லை என்றால் டிரான்ஸ்போஸ் பட்டனில் ஒரு அமுக்கு, பாட்டு இறங்கிவிடும். விரல் கூட நகராது. அதற்குப் பெயர் வாசிப்பாம். அதே பாட்டை நான் கிட்டாரில் இறக்க ஆறு தந்தியையும் தளர்த்த வேண்டும். ஒன்றைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் லேசாக ஏறும். மறுபடி முதலில் இருந்து. இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது?

மாற்று ஆள் தனேஷ். முப்பது வயது, பேங்க் வேலை, ரொம்ப மரியாதை. வந்ததும் என் கிட்டார் தலையில் டியூனரை மாட்ட வந்தான். துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று, அதில் ஒரு முள், முள் நடுவில் நின்றால் சுருதி சரியாம்.

"எடுங்க தம்பி. அது காது இல்லாதவங்களுக்கு."

ஐந்தாம் தந்தியை நினைவிலிருந்தே பிடிப்பேன். மற்ற ஐந்தும் அதைக் கேட்டு நிற்கும். முப்பது வருடமாக இந்த பேண்டே அந்தத் தந்தியைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

மார்ச் 6, புதன்

புதுத் தந்தி போட்டேன். இரண்டு நாள் இழுபட்டு இழுபட்டு இறங்கும், திருகித் திருகி ஏற்ற வேண்டும். தனேஷிடம் சொன்னால் அதற்கும் ஒரு பட்டன் கேட்பான்.

மார்ச் 8, வெள்ளி

புனிதா வீட்டில் ஒத்திகை. சகிக்கவில்லை. தனேஷ் கொண்டு வந்த கீபோர்டு சுருதி ஏறி நிற்கிறது. என் தந்தியோடு சேர்த்து வாசித்தால் ஒலி நடுங்குகிறது, பல் கூசுகிறது.

"உங்க கீபோர்டு ரோசாக் தம்பி, கெட்டுப்போச்சு. கடையில குடுத்துப் பாருங்க."

"கீபோர்டு எப்படிக்கா சுருதி மாறும்? நீங்கதான் கொஞ்சம் கீழ இருக்கீங்க லா."

என்னிடமா! நான் மேடை ஏறியபோது இவன் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. புனிதா குறுக்கே வந்து, "அக்கா, தேத்தண்ணி ஆறுது," என்றாள். அவளுக்கும் காது கிடையாது. தொண்டை மட்டும்தான்.

தனேஷ் வெளியே போய் விக்னேஸுக்குப் போன் போட்டான். அழட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

தெலுக் இந்தானில் மதிய விருந்து. தனேஷ் இன்று விக்னேஸின் கீபோர்டை எடுத்து வந்திருந்தான். முதல் பாட்டிலேயே என் தந்தியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

இடைவேளையில் விடுவேனா? "பாத்தீங்களா? நல்ல கீபோர்டு எப்படிப் பேசுதுன்னு!"

அவன் பிரியாணி எடுக்கப் போய்விட்டான். நான் ஒரு பாட்டின் சுருதி பார்க்க கீபோர்டின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தேன். என் பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தில் கலா. பக்கத்தில் 434.

தட்டோடு வந்தவனிடம் கேட்டேன். என்ன இது?

"அக்கா... அது சுருதி நம்பர், 440ல இருக்கணும். எல்லா ஊர்லயும் அதான். விக்னேஸ் அண்ணே உங்க கிட்டாருக்காக இறக்கி சேவ் பண்ணி வெச்சிருக்காரு. சொல்ல வேணாம்னாரு."

"எத்தன நாளா?"

அவன் புனிதாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "நாலு வருஷம் இருக்கும்கா," என்றாள்.

மீதி ஏழு பாட்டையும் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 11, திங்கள்

நாலு வருஷம். நாலு வருஷமா என் முதுகுக்குப் பின்னால ஒரு நம்பர் போட்டு வெச்சு என்னைச் சுமந்திருக்காங்க. நான் விக்னேஸைப் பட்டன் அமுக்குறவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்! அவன் அமுக்குன ஒரே பட்டன் எனக்காக. வெட்கமா இருக்கு. வெட்கத்தைவிட கோபம்தான் அதிகம். என்ன இரக்கம் இது? யார் கேட்டா?

போன் போட்டுக் கத்தினேன். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"சுருதிய நான் பட்டன்ல சரி பண்ணிக்குவேன்கா. உங்க கைய எந்தப் பட்டன்ல கொண்டு வர்றது?"

வைத்துவிட்டேன். பொம்பளப் பிள்ளையாம். வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

டியூனர் ஒன்று வாங்கினேன், கடைக்காரன் முகத்தைப் பார்க்காமல். காதால் ஐந்தாம் தந்தியைப் பிடித்தேன். சரியாக இருக்கிறது, சத்தியமாகச் சரியாக இருக்கிறது. முள் இடது பக்கம், இறங்கின பக்கம், சாய்ந்து நின்றது. பத்துத் தடவை பிடித்தேன். பத்துத் தடவையும் இடது பக்கம்.

மார்ச் 22, வெள்ளி

ஆஸ்பத்திரியில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். ஃபேக்டரி மெஷின் பக்கத்தில் எத்தனை வருடம் நின்றீர்கள் என்றார் டாக்டர். இருபத்திரண்டு. காதடைப்பான் போட்டீர்களா? இல்லை. கோழைகள் போடுவது என்று நினைத்தேன். அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. வயதும் சேர்ந்து காது சுருதியை ஏற்றிக் கேட்கிறது, இனி திரும்பாது என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

சிம்பாங் பூலாயில் கல்யாணம். விக்னேஸ் திரும்பி வந்துவிட்டான், கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒயர் மாட்டும்போது அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த செட்டிங்க அழிச்சிரு."

"இருக்கட்டுமேக்கா."

"அழி லா. சுருதி குடு."

எதிரிலேயே அழித்தான். பிறகு ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தான். ஐந்தாம் தந்தியின் திருகை ஏற்றினேன். எனக்குச் சரி என்று பட்ட இடத்தில் கை தானாக நின்றது.

"இன்னும் கொஞ்சம்கா."

இத்தனை வருடத்தில் அவன் என்னைத் திருத்தியது இதுதான் முதல் தடவை. ஏற்றினேன். என் காதுக்குத் தந்தி வீறிட்டது.

"போதும்கா. சரியா இருக்கு."

எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அவன் சொன்னதை வைத்துக்கொண்டு முதல் பாட்டை ஆரம்பித்தேன்.