எனக்கு மட்டும் தெரிந்த நம்பர்

அன்புப் பேரனுக்குப் பாட்டி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க இப்போது எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் பார்க்கலாம்.

உன் மாமா மகள் தனியாக வக்கீல் ஆபீஸ் போட்டுவிட்டாள். வாசலில் பித்தளைப் பலகை, அதில் அவள் பெயர். நானே துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டு வந்தேன். அவள் தம்பி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவன் ஊசி போட்டால் கைக்குழந்தைகூட அழாதாம். உன் சித்தி மகள், நம் சிட்டு, தையல் பாடத்தை வீடியோவாக எடுத்து விற்கிறாள். கடல் தாண்டியெல்லாம் பெண்கள் பணம் கட்டிப் படிக்கிறார்கள். அப்புறம் நீ, சொந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரன். அஞ்சாவதோடு நின்றவளுக்கு இப்படி நாலு பேர் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இனி மூணு பேர் என்றுதான் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

போனிலேயே திட்டியிருப்பேன். ஆனால் நீ ஏதாவது பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். கடிதத்துக்குள் உன் வாய் நுழையாது.

செவ்வாய்க்கிழமை மாடிவீட்டுத் தையல்காரி தடதடவென்று இறங்கி வந்தாள். பாட்டி, இது உங்க கைதானே, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகூட இருக்கே என்று போனை நீட்டினாள். போனில் ஏதோ குரூப்பில் அந்த வீடியோவைக் கால் விலைக்கு வாங்கினாளாம். பார்த்தேன். சட்டைக்குக் கை அளவெடுக்கும் பாடம். சிட்டு அளவெடுக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றது நான்தான். கை மரத்துப்போய், சீக்கிரம் முடிடி, நான் என்ன துணி காயப்போடுற கொடியா என்று அன்றைக்குக் கத்தினேன். அதை அவள் வெட்டாமல் பாடத்திலேயே வைத்திருந்தாள். தையல்காரி போனில் அந்தப் பேச்சைக் காணோம். இவங்க எங்க பாட்டி என்று சிட்டு சொல்லும் இடத்தையும் காணோம். மூலையில் அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலப் பட்டை.

வாங்கியவரின் போன் நம்பர் மங்கலாக மிதந்துகொண்டே இருக்கும்படி சிட்டு ஒவ்வொரு வீடியோவிலும் செய்திருக்கிறாள். யாராவது நகலெடுத்தால் பிடிக்கத்தான். அதையும் ஒருவன் உட்கார்ந்து, வந்த இடத்திலெல்லாம் அழித்திருக்கிறான். என் கைமேல் வந்தபோது மட்டும் விட்டுவிட்டான். என் தோல் சுருக்கத்தோடு கலந்துபோனது அவன் கண்ணுக்குத் தப்பிவிட்டது போலும். தையல்காரி படத்தை நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினாள். படித்தேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. இது உனக்கு மட்டும்தான் பாட்டி, வேற ஒருத்தருக்கும் தெரியாது, எப்ப வேணா கூப்பிடு என்று நீ கொடுத்த நம்பர். பாட்டிக்கென்றே தனி நம்பர் வைத்திருக்கிறான் என் பேரன் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். அதைக் கொண்டா உன் தங்கையிடம் பொய்ப் பெயரில் வாங்கினாய்? வெட்கமாக இல்லையா உனக்கு?

சாயங்காலம் தையல்காரி சொல்லி, சிட்டுவும் வக்கீலும் என் கட்டிலில் உட்கார்ந்து அந்த நம்பரைக் கூப்பிட்டார்கள். மணி அடித்தது, எடுப்பாரில்லை. பாட்டி கூப்பிட்டால் மட்டும் எடுக்கிற நம்பர்தானே! நான் என் போனை மடியில் மறைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் என்னைத் திருட்டுக்குக் காவல் வைத்துவிட்டாய்.

காசு கொடுத்து வாங்கிட்டா அது நம்ம பொருள் பாட்டி, யாருக்கு வேணா விக்கலாம் என்று போன மாதம் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, அதை யார் சொன்னது என்று காட்டாமல் வக்கீலிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: வாங்கின புத்தகத்தைப் படிச்சிட்டு அதையே வித்தா தப்பில்ல பாட்டி. அதை வச்சு நூறு நகல் எடுத்து வித்தாதான் தப்பு. சிட்டுகிட்ட வாங்குறவங்க பார்க்கறதுக்குத்தான் காசு கட்டுறாங்க, விக்கறதுக்கு இல்ல. அவ அனுமதி இல்லாம வித்தா நஷ்டஈடு கேட்கலாம், உள்ளேயும் தள்ளலாம். அஞ்சாவது படித்த எனக்கே விளங்கியது. கம்ப்யூட்டர் படித்த உனக்கா விளங்காது?

அவகிட்ட இருக்கறது அவகிட்டயேதானே இருக்கு, என்ன குறைஞ்சுபோச்சு என்பாய். குறைந்ததைச் சொல்கிறேன், கேள். புதிதாக யாரும் சேரவில்லை. முழு விலை கட்டியவர்கள் அவளையே ஏமாற்றுக்காரி என்று எழுதுகிறார்கள். பழையபடி கம்பெனியிலிருந்து காலர் துண்டுகளை மூட்டையாக வாங்கிவந்து தைக்கிறாள். கழுத்து வலி என்று சொல்வதில்லை. கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறாள்.

திங்கட்கிழமை போலீசில் மனு கொடுக்கிறார்கள். அதற்குள் நீயே சிட்டுவைக் கூப்பிட்டு, நான்தான் செய்தேன் என்று சொல். அந்தக் குரூப்பை மூடு. வந்த காசு அத்தனையும் அவளுக்குப் போகட்டும். பிறகு வழக்கா மன்னிப்பா என்பதை அவள் முடிவு செய்யட்டும். உனக்காக நான் ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டேன். நீ சொல்லவில்லையென்றால், திங்கட்கிழமை காலையில் என் போனிலிருந்து அவர்கள் எதிரிலேயே அந்த நம்பரைக் கூப்பிடுவேன். நீ எடுப்பாய். எடுத்து, என்ன பாட்டி என்பாய். அது போதும் அவர்களுக்கு.

என்னை அப்படிச் செய்ய வைக்காதே, ராஜா.

கூடத்துச் சுவரில் நாலு பேர் படமும் வரிசையாக இருந்ததல்லவா, உன்னுடையதைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று சிட்டு கேட்டாள். கண்ணாடி விரிசல் என்று பொய் சொன்னேன். ஆணியைப் பிடுங்கவில்லை.

நன்றாக இரு. அவளிடம் சொல்லி முடித்த கையோடு ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. நீ சுகமா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். பழையதற்கு நகல் போட்டு அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் பாட்டி